கானுக்கு மூடி கேட்டுப் போனோம்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதியில் பயணம் செய்தவர்கள் எங்கள் கடைவீதி போன்ற பல இடங்களைக் கடந்திருப்பார்கள். ஒரு வளைவு திரும்பியதும் இரண்டு பக்கமும் கடைகள், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். அடுத்த வளைவோடு எல்லாம் முடிந்துவிடும். வாகனத்தில் போகிறவருக்கு அது ஒரு நிமிடம். எங்களுக்கு அதுதான் டவுன். அரிசி வாங்க, மருந்தெடுக்க, நகை அடகு வைக்க, பிள்ளையைப் படிக்க அனுப்ப, எல்லாவற்றுக்கும் சுற்றியுள்ள லயங்களிலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, இந்த வீதிக்குத்தான் இறங்கி வர வேண்டும். பெரும்பாலும் நடந்துதான் வருகிறோம்.

ஆனால் நடக்க இடம் கிடையாது. மலையைச் செதுக்கிப் போட்ட பாதை என்பதால் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மண்மேட்டின் அடியில் மழைத்தண்ணீர் ஓட ஆழமான கான். தார் முடியும் இடத்திலேயே கான் தொடங்கிவிடுகிறது, நடுவில் கால் வைக்க மண் இல்லை. பள்ளத்துப் பக்கம் இரும்புத் தடுப்பு. ஆகவே நடக்கிறவர் தாரில்தான் நடக்க வேண்டும், பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்னைக் கேட்டதும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நிற்க வேண்டும். கடைகளுக்கு முன்னால் நடைபாதை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் வாழைக்குலைகள், பிளாஸ்டிக் வாளிகள், நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள்.

நான் இந்தக் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மழைக்காலக் காலை ஏழு மணிக்கு, பனிமூட்டத்துக்குள் வெள்ளைச் சீருடைகள் வரிசையாக வருவதையும், ஒரு வேனின் பக்கக் கண்ணாடி ஒரு பிள்ளையின் குடையைத் தட்டிவிட்டுப் போவதையும் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். குடைதானே என்று பிள்ளை குனிந்து எடுத்துக்கொண்டு போகும். எனக்கு அதற்குப் பிறகு கை ஓடாது.

2023இல் எங்கள் பக்கத்து லயத்து அம்மாச்சி ஒருவர் பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய்க் கானுக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுபது வயது வரை மலையேறிக் கொழுந்தெடுத்தவர், பிறகு வாசல்படி இறங்கவே ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. பஸ் அவர் மேல் படவில்லை என்பதால் அது வீதி விபத்தாக எங்கும் பதிவாகவில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானவர்கள் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள் என்று செய்திகளில் வரும் கணக்கில் இப்படி விழுந்தவர்கள் சேர மாட்டார்கள். அந்த வாரம்தான் கோயில் மண்டபத்தில் முதல் தடவை கூடினோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பெற்றோர் சிலர், மரண உதவிச் சங்கத்துத் தலைவர், ஆட்டோ ஓட்டும் இரண்டு தம்பிமார், நான்.

அன்றைக்கு எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பாதுகாப்பான வீதி வேண்டும். சரி, ஆனால் அதை எழுதி ஒரு அலுவலகத்தில் கொடுத்தால் அங்கே இருப்பவர் என்ன செய்வார்? கோப்பில் போடுவார். அதற்கு மேல் அவருக்கும் வழி தெரியாது. எந்த இடத்தில், எத்தனை அடி நீளத்துக்கு, என்ன வேண்டும் என்று சொன்னால் மட்டும்தான் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியும். இதை முதலிலேயே சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர். அவர் பேச்சைக் கேட்டு, கடிதம் எழுதுமுன் நடந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

இப்படி வேலை தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நடையைத்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில் நடந்தால் எதுவும் தெரியாது. வீதி யாரை எப்போது வருத்துகிறதோ அந்த நேரத்தில், அவர்களோடு நடக்க வேண்டும். ஐந்தரைக்குப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும் பெண்களோடு இருட்டில் நடந்தோம். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கும் என்பதால் ஆறரையிலிருந்து பிள்ளைகளோடு நடந்தோம். ஒன்றரைக்குப் பள்ளி விட்டு மொத்தமாக வெளியே வரும் நேரத்தில் நடந்தோம். சம்பள நாளான பத்தாம் திகதி டவுனில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், கைக்குழந்தையோடு ஒரு தாயை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தோம். அவர் எங்கெல்லாம் நடைபாதையை விட்டுத் தாரில் இறங்கினாரோ அங்கெல்லாம் ஒரு பிள்ளை சுண்ணாம்பால் அடையாளம் வைத்தது. ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு இடத்தில் உடைந்த மூடி, ஒரு இடத்தில் மின்கம்பத்தைத் தாங்கும் இழுகம்பி, ஒரு இடத்தில் கடைக்காரர் வெளியே வைத்த எரிவாயு சிலிண்டர்கள். படம் எடுத்தோம், அளவு நாடாவால் அகலம் அளந்தோம். இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிப் போக ஏறக்குறைய 1.8 மீட்டர் வேண்டும். எங்கள் நடைபாதையில் பல இடங்களில் குடை விரித்த ஒருவர் போகவே இடமில்லை.

நடந்தபோது இன்னொன்றும் தெளிவானது. நடைபாதை இல்லாத வீதியில் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்பக்கமாக நட என்று பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சமதரையில் அது நல்ல பாடம். மலைப்பாதையில் வலப்பக்கம் வளைவின் உள்பக்கமாக அமைந்துவிட்டால், மண்மேடு மறைப்பதால் வாகனக்காரருக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு வாகனம் தெரியாது. அப்படிப்பட்ட வளைவு வருமுன்பே, இரண்டு பக்கமும் தெரியும் இடத்தில் கடந்து வெளிப்பக்கத்துக்குப் போய்விட வேண்டும். எங்கள் வழியில் அப்படியான வளைவுகள் எவை என்று பிள்ளைகளே ஒரு பெரிய தாளில் வரைந்து வகுப்பறையில் ஒட்டியிருக்கிறார்கள்.

வேகத்தை அளந்தது உயர்தர வகுப்பு மாணவர்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கோயில் படிக்கட்டிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் துண்டில் 50 மீட்டர் அளந்து இரண்டு கம்பங்களில் நாடா கட்டினார்கள். வாகனத்தின் முன்சக்கரம் முதல் கம்பத்தைத் தாண்டும்போது கைபேசியில் நேரத்தைத் தொடக்கி, இரண்டாவது கம்பத்தில் நிறுத்தினார்கள். 50 மீட்டரைக் கடக்க 6 வினாடி ஆனால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். 3.6 வினாடி ஆனால் 50. நகரப் பகுதிகளில் கார், பஸ்களுக்கு எல்லை 50, முச்சக்கர வண்டிக்கு 40. பள்ளி நேரத்தில் கீழ்நோக்கி வரும் வேன்களில் பல மூன்று வினாடிக்குக் கிட்டவே கடந்துபோயின. அவ்வளவு நாளும் “வேகமாகப் போகிறார்கள்” என்று புலம்பிக்கொண்டிருந்தோம். இப்போது எங்கள் கையில் ஒரு அட்டவணை இருந்தது, திகதியோடும் நேரத்தோடும். ஒரு எச்சரிக்கை: பிள்ளைகளை வீதியோரத்தில் நிறுத்தி இதைச் செய்யக்கூடாது. உயரமான, பாதுகாப்பான இடத்தில், ஒரு ஆசிரியரின் பொறுப்பில்தான் செய்ய வேண்டும்.

அந்த அட்டவணையை வைத்துக் கணித ஆசிரியை போட்ட ஒரு கணக்குதான் பிறகு எல்லாக் கூட்டங்களிலும் எங்களுக்குக் கைகொடுத்தது. வீதியின் அகலம் ஏறக்குறைய 7 மீட்டர். வயதானவர் ஒருவர் வினாடிக்கு 0.8 மீட்டர் அளவில் நடப்பார், ஆகவே கடந்து முடிக்க 9 வினாடிக்குக் கிட்ட ஆகும். அந்த 9 வினாடியில் 50இல் வரும் வாகனம் 125 மீட்டர் ஓடிவிடும். 30இல் வந்தால் 75 மீட்டர். எங்கள் பள்ளி வாசலிலிருந்து மேல் வளைவுக்கு 80 மீட்டர்தான் இருக்கிறது. அம்மாச்சி ஒருவர் வீதி வெறுமையாக இருக்கிறது என்று பார்த்துக் கால் வைத்தாலும், சட்டப்படி 50இல் வரும் வாகனம் அவர் கடந்து முடிக்குமுன் அந்த இடத்துக்கு வந்துவிடும். இதில் அவர் மீதும் தப்பில்லை, ஓட்டுநர் சட்டத்தை மீறவும் இல்லை. அந்த இடத்துக்கு அந்த வேகம் பொருந்தாது, அவ்வளவுதான்.

நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் உச்ச வேகம் 30 ஆக இருக்க வேண்டும் என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாட்டுப் பிரகடனம் கேட்டுக்கொண்டது. காரின் முன்பக்கத்தில் அடிபடும் பாதசாரி இறக்கும் அபாயம், 50இலிருந்து 65க்கு வேகம் கூடும்போது நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவற்றையும் கடிதத்தில் எழுதினோம். ஆனாலும் அதிகாரிகளை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த 80 மீட்டர் கணக்குதான், ஏனென்றால் அது அவர்கள் தினமும் கடந்துபோகும் வளைவு.

அடுத்தது யாரிடம் கேட்பது. பலரின் முயற்சி இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. ஒரே வீதியில் ஒரு பத்தடிக்குள் நான்கு உரிமையாளர்கள் இருப்பார்கள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி வகை வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. உள்வீதிகளும் தெருவிளக்கும் குப்பையும் நகர சபை அல்லது பிரதேச சபையின் வேலை. கம்பம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையது. தண்டவாளத்தோடு ஒட்டிய நிலம் ரயில்வே திணைக்களத்துடையது. தோட்டத்துக்குள் போகும் பாதை, 1992இலிருந்து தோட்டங்களைப் பொறுப்பேற்று நடத்தும் கம்பெனியின் கையில் இருக்கும். விளக்கெரியவில்லை என்று வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், பாதசாரிக் கடவைக் கோடு போடுங்கள் என்று பிரதேச சபைக்கும் எழுதினால் இரண்டும் திரும்பி வரும். திரும்பி வருமுன் மாதங்கள் ஓடிவிடும். நாங்கள் நடந்து எடுத்த குறிப்புகளை உரிமையாளர் வாரியாகப் பிரித்தோம். ஒரு அலுவலகத்துக்கு ஒரு கடிதம், ஒரு கடிதத்தில் அதிகம் போனால் மூன்று கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு அளவு.

கடிதத்தைத் தமிழில் எழுதினோம். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. கூடவே ஒரு சிங்களப் பிரதியும் இணைத்தோம். பள்ளியில் சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியை எழுதித் தந்தார். கோப்பு மொழிபெயர்ப்பாளரின் மேசையில் காத்திருக்கும் காலம் மிச்சமாயிற்று. கடிதத்தின் கீழ் தனியாளின் பெயர் போடாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், விகாரை, வர்த்தகர் சங்கம், முச்சக்கர வண்டி ஓட்டுநர்கள் என்று எல்லாருடைய முத்திரையும் வாங்கினோம். கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைப்பது மிக முக்கியம். அந்த முத்திரை இல்லாத கடிதத்தை யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு அலுவலகத்திலிருந்து நெடுநாள் பதிலே வரவில்லை. கேட்கப் போனால் “கோப்பு மேலே போயிருக்கிறது” என்பார்கள். அப்புறம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். இன்ன திகதியில் நாங்கள் கொடுத்த கடிதம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இந்த வீதித் துண்டுக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய பணம் எவ்வளவு, இரண்டே கேள்வி. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம். எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. விண்ணப்பம் கொடுத்த பிறகு கோப்பு மேலேயிருந்து இறங்கி வந்தது. இதைச் சண்டைக்காரத் தொனியில் செய்ய வேண்டியதில்லை. மரியாதையாக, படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும்.

கடைக்காரர்களோடு பேசியதுதான் எனக்குக் கடினமாக இருந்தது, ஏனென்றால் நானும் அவர்களில் ஒருத்தி. நடைபாதையை விடுங்கள் என்றால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் நியாயமானது. வாசலில் வாகனம் நிற்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த டவுனுக்குப் போய்விடுவார் என்று ஹார்ட்வெயார் கடை நானா சொன்னார். அவரிடம் வாதாடவில்லை. “நானா, வர்ற சம்பள சனிக்கிழமை ஒரு பையனை உங்க வாசல்ல விடுறோம், யார் நடந்து வர்றாங்க, யார் வாகனத்தில வர்றாங்கன்னு நீங்களே பாருங்க” என்றேன். அன்று மாலை அவரே கூப்பிட்டுச் சொன்னார், காலையிலிருந்து கடையில் ஏறியவர்களில் வாகனத்தில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் என்று. வாசலில் நாள் முழுக்க நின்ற வேன் யாருடையது என்று பார்த்தால் அவருடையதே. அவர் வேனை நிறுத்த கோயிலுக்குப் பின்னால் இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். அவர் சொன்ன பிறகு மற்றக் கடைக்காரர்களிடம் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நடைபாதையில் காய்கறி விற்கும் பெண்களை அகற்ற வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நான் உறுதியாக எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். தீபாவளிக்கு முந்திய வாரம் அந்த வியாபாரத்தில்தான் அவர்கள் வீட்டில் துணி எடுக்கிறார்கள். அதோடு, அதிகாலையிலும் மாலையிலும் அவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பதால்தான் தனியாக வரும் பெண்பிள்ளைகளுக்குத் துணை இருக்கிறது. பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னாலிருந்த வெறும் நிலத்தில் அவர்களுக்கு வரிசையாக இடம் பிரித்துக் கொடுக்கும்படி பிரதேச சபையைக் கேட்டோம். கிடைத்தது.

சபை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை தெரிவுசெய்த உறுப்பினர்களே இல்லாத நிலை. செயலாளர்தான் எல்லாம். உறுப்பினர் இல்லை, கேட்டு என்ன பயன் என்று பலர் சோர்ந்துபோனார்கள். நாங்கள் செயலாளரிடமே போனோம். அரசியல் கட்சி நிறம் எதுவும் இல்லாமல் அளவுகளோடும் படங்களோடும் போனதால் அவர் கவனமாகக் கேட்டார். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் நவம்பர், டிசம்பரில்தான் நிறைவேறும். ஆகவே ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே கோரிக்கை அவர் மேசைக்குப் போய்விட வேண்டும். ஜனவரியில் போய்க் கேட்டால் ஒரு முழு ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இனிக் கானுக்கு வருகிறேன். பள்ளி வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை கானை மூடினால் அதன் மேலேயே நடக்கலாம், தனியாக நிலம் எடுக்கத் தேவையில்லை என்பதுதான் எங்கள் முக்கியக் கோரிக்கை. பொறியியலாளர் இடம் பார்க்க வந்தார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, மூட முடியாது. மண்மேட்டிலிருந்து மண் இறங்கிக்கொண்டே இருக்கும், மூடிய கான் அடைபட்டால் தண்ணீர் தாரில் ஏறும், பள்ளத்துப் பக்கம் மண்ணை அறுக்கும், வீதியே சரியும். அவர் சொன்னது பொய்யில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் மலை என்ன செய்யும் என்பதை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

அன்று எங்களோடு வந்திருந்தவர்களில் தோட்டத்தில் காலமெல்லாம் கான் வெட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். அதுவரை பேசாமல் நின்றவர், “ஐயா, மலையில கான் வெட்டுறப்போ நடுநடுவுல குழி விடுவோம். தண்ணி குழியில நின்னு மண்ணைப் போட்டுட்டுத்தான் அடுத்த துண்டுக்குப் போகும். குழியை மட்டும் அள்ளினா கான் சுத்தமா இருக்கும்” என்றார். தேயிலை மலையில் மண் அரிக்காமலிருக்கத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. பொறியியலாளருக்கு ஒரு சிங்கள ஆட்டோ ஓட்டுநர் மொழிபெயர்த்துச் சொன்னார். இருவரும் கானோரமாகவே நடந்து போனார்கள், நாங்கள் பின்னால் போனோம். பெரிய மழையில் மேட்டுத் தண்ணீர் எந்த எந்த இடத்தில் வந்து விழும் என்று பெரியவர் கம்பால் காட்டினார், பொறியியலாளர் குறித்துக்கொண்டார். ஒரு இடத்தில் இருவரும் குந்தி உட்கார்ந்து தரையில் குச்சியால் கோடு போட்டுப் பேசிக்கொண்டார்கள், மொழிபெயர்க்கிறவரைக் கூட எதிர்பார்க்காமல்.

முடிவில் ஒத்துக்கொண்டது இதுதான்: மூடும் பகுதிக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கத்தில் ஆழமான மண் குழி. மூடிகள் ஒட்டாமல், இரண்டு பேர் தூக்கி எடுக்கக்கூடிய கொங்கிரீட் பலகைகளாக, தூக்க இரும்பு வளையத்தோடு இருக்க வேண்டும். வளையம் காலில் தட்டாமல் பலகைக்குள் பதிந்திருக்க வேண்டும். மண்மேட்டுப் பக்கம் ஒரு கையகலம் திறந்தே இருக்க வேண்டும், மேட்டுத் தண்ணீர் உள்ளே இறங்க. பலகையின் மேல்பக்கம் வழுக்காமலிருக்க விளக்குமாற்றால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். மழைக்காலத்தில் குழியை அள்ளுவது சபைத் தொழிலாளர் பொறுப்பு, அடைபட்டால் உடனே சொல்வது எங்கள் பொறுப்பு. மலைநாட்டில் நடைபாதை கேட்கிறவர்கள் வடிகாலைப் பற்றித் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் கேட்காதீர்கள். இங்கே இரண்டும் ஒரே வேலை.

வேகத் திண்டு கேட்டோம், பிரதான வீதியில் கிடைக்கவில்லை. இறக்கத்தில், நனைந்த தாரில், பனிமூட்டத்துக்குள் திடீரென்று திண்டைக் கண்டு பிரேக் பிடித்தால் பாரமேற்றிய லொறி நிற்காது என்றார்கள். யோசித்துப் பார்த்தால் சரிதான். அதற்குப் பதிலாக, வளைவுக்கு முன்பே சக்கரம் தடதடக்கும் தடித்த வண்ணக் கோடுகளும், பள்ளிக்கூடம் இருப்பதைக் காட்டும் பலகையும் போட்டார்கள். பாதசாரிக் கடவை பள்ளி வாசலில் இல்லாமல் வளைவிலிருந்து இன்னும் தள்ளி, இரண்டு பக்கமும் தூரம் தெரியும் இடத்துக்கு மாறியது. பொலிஸின் சிபாரிசும் வேண்டும் என்றார்கள், அதையும் வாங்கிக் கொடுத்தோம். காலையில் ஒரு பொலிஸ்காரர் அங்கே நிற்கிறார். அவர் நிற்காத நாளில் வேகம் கூடுவதும் தெரிகிறது.

செலவே இல்லாமல் பெரிய பலன் தந்தது பஸ் நிற்கும் இடத்தை மாற்றியதுதான். முன்பு கடவைக்கு முன்னாலேயே பஸ் நிற்கும். இறங்கிய பிள்ளைகள் பஸ்ஸின் மூக்கை ஒட்டிக் கடப்பார்கள், பஸ்ஸை முந்தி வரும் வாகனத்துக்குப் பிள்ளை கடைசி நொடி வரை தெரியாது. கடவையைத் தாண்டிப் போய் பஸ் நின்றால் இறங்கியவர் பின்பக்கமாக வந்து, வருகிற வாகனத்தைப் பார்த்தபடி கடக்கலாம். இதை ஓட்டுநர், நடத்துநர்களிடம் நேரில் போய்ப் பேசினோம். தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசியதில் அவர்களுக்கும் எத்தனையோ சொல்ல இருந்தது. எந்த வளைவில் மரக்கிளை மறைக்கிறது, எந்த இடத்தில் வெளியூர் வேன்கள் அருவியைப் பார்க்கத் திடீரென்று நிற்கின்றன என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எங்கள் பட்டியலில் சேர்ந்தது.

ஒழுங்கு செய்கிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது பெண்களின் நேரம். கொழுந்தெடுக்கும் ஒருவரை வேலைநாளில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவருக்கு அன்றைய பேர், அதாவது வேலைக்கு வந்த ஒரு நாள் கணக்கு, போய்விடும், அந்த மாதச் சம்பளத்தில் அது தெரியும். அதிகாரிகள் வரும் நேரம் வேலைநாள் பகலாகத்தான் இருக்கும். அதனால் ஞாயிறு பின்னேரம் லயத்து வாசலிலேயே கூடி அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டோம். பகல் கூட்டத்துக்குப் போகிறவர் அதை அப்படியே வாசித்தார். விளக்கு எங்கே வேண்டும் என்பதைத் தீர்மானித்தது முழுக்க அவர்கள்தான். எங்கள் ஆண்கள் கடைவீதி நடுவைக் காட்டினார்கள். பெண்கள் காட்டியது லயத்திலிருந்து இறங்கும் படிக்கட்டு வீதியைச் சேரும் மூலை. விளக்கு அங்கேதான் எரிகிறது.

தோட்டத்துக்குள் இருக்கும் பாதையை விட்டுவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று பல ஆண்டுகள் சொன்னார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது, இப்போது தோட்டங்களுக்கும் சபை வேலை செய்யலாம். இதைத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். திருத்தத்தின் பிரதியைக் கையில் கொண்டு போனோம். தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தையும் முன்கூட்டியே வாங்கியிருந்தோம். லயத்துப் படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடிக் குழாய் போட்டுத் தந்திருக்கிறார்கள். அம்மாச்சி அதைப் பிடித்துக்கொண்டு கோயில் வரை வருகிறார்.

கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. பள்ளிப் பகுதிக்கு 30 என்ற வேக எல்லை இன்னும் எழுத்தில் இல்லை. கான் மூடியது பஸ் தரிப்பிடம் வரைதான், அதற்கப்பால் மருத்துவமனைப் பக்கம் பழையபடி திறந்தே கிடக்கிறது. கடவைக் கோடு ஒரு மழைக்காலத்திலேயே மங்கிவிடுகிறது. சிவனொளிபாத மலை பருவம் டிசம்பர் பௌர்ணமியோடு தொடங்கி வெசாக் வரை போகும், ஏப்ரலில் நுவரெலியாப் பருவமும் சேர்ந்துகொள்ளும், இந்தப் பாதையைத் தெரியாத ஓட்டுநர்கள் அப்போதுதான் அதிகம் வருவார்கள். அதனால் கோடு புதுப்பிக்கும் கடிதத்தை ஒவ்வொரு ஆண்டும் ஒக்டோபரிலேயே கொடுத்துவிடுகிறோம். எங்கள் கோப்பு இப்போது என் தையல் மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. முத்திரையிட்ட பிரதிகள், படங்கள், வேக அட்டவணை எல்லாம் அதில் இருக்கின்றன. அதிகாரிகள் மாறிப் போவார்கள், புதியவருக்கு முதல் பக்கத்திலிருந்து காட்ட யாராவது ஒருவரிடம் எல்லாம் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்டவாளம். வீதியில் நடக்கப் பயந்து மேல் லயத்துப் பிள்ளைகள் ரயில் பாதை வழியே பள்ளிக்கு வருகிறார்கள். வளைவும் சுரங்கமும் உள்ள துண்டு அது, மழையில் ரயில் வரும் சத்தமும் கேட்காது. தண்டவாளத்துக்குக் கீழே, தேயிலை மலையோரமாக ஒரு பழைய குறுக்குப் பாதை காடேறிக் கிடக்கிறது. அதைத் துப்புரவாக்கிப் படி வைத்தால் பிள்ளைகள் தண்டவாளத்தில் கால் வைக்கவே வேண்டாம். அதில் பாதி நிலம் ரயில்வே திணைக்களத்துடையது, பாதி தோட்டத்துடையது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கிராம அலுவலரோடு போய் அளந்துகொண்டிருக்கிறோம். அளவு முடிந்ததும் இரண்டு கடிதம் தனித்தனியாகப் போகும்.